நிக்கியாவின் பூக்கூடையும் பாம்பும்: செய்யும் முறை

மாரியஸ் பெட்டிப்பா 1877-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மேடையேற்றிய பாலே 'லா பயாதேர்'. காதலன் சோலோர் அனுப்பியதென்று நம்பி ஒரு பூக்கூடையை ஏந்தி ஆடுவாள் கோயில் நடனக்காரி நிக்கியா. உள்ளே இருக்கும் பாம்பு தீண்டிவிடும். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் மண்டப மேடைக்கு இதைச் செய்பவர்கள் பூவிலேயே நேரத்தையெல்லாம் கொட்டுகிறார்கள். வேலை பாம்பில்தான் இருக்கிறது. கூடை தலைக்கு மேல் போகும்போது அது விழக் கூடாது. வேண்டிய நொடியில் ஆடுபவர் இழுத்தால் ஒரே இழுப்பில் வந்துவிட வேண்டும்.

30 செ.மீ. அகலம், 10 செ.மீ. ஆழத்தில் மெல்லிய பிரம்புக்கூடை போதும். எல்லாம் சேர்ந்து அரைக் கிலோவைத் தாண்ட வேண்டாம். ஜூலு ஓலைக்கூடை அழகுதான், ஆனால் நெருக்கமான பின்னல், ஊசி நுழையாது. பிரம்பு முனைகளைத் தேய்த்து விளிம்பில் நாடா சுற்றுங்கள். இல்லாவிட்டால் பாவாடையின் வலைத்துணி மாட்டிக் கிழியும்.

பாம்புக்கு 50 செ.மீ. நீளத்தில் விரல் தடிமன் பருத்திக் கயிறு. வெறும் கயிறு செத்த பாம்பாகத் தொங்கும். அதனால் தலைப்பக்கம் 15 செ.மீ.க்கு மட்டும் 2 மி.மீ. அலுமினியக் கம்பி செருகுங்கள். கம்பியின் இரு முனைகளையும் வளைத்து டேப் ஒட்டுங்கள். ஆடுபவரின் கழுத்தருகே போகும் பொருள் இது. வால் தளர்வாகவே இருக்கட்டும், நெளிவு அங்கிருந்துதான் வருகிறது.

தலையைத் தெர்மாகோலில் செதுக்கி, இரண்டு பங்கு மரப்பசைக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து, செய்தித்தாள் கீற்றுகளை நான்கு அடுக்கு ஒட்டுங்கள். டிசம்பர் புழுக்கத்தில் ஒவ்வோர் அடுக்கும் ஓர் இரவு காய வேண்டும். அவசரப்பட்டால் மேலே காய்ந்து உள்ளே பூசணம் பிடிக்கும். மாவுப் பசை வேண்டவே வேண்டாம், டர்பன் கரப்பான்களுக்கு அது விருந்து. பச்சை பூசினால் இலையோடு கலந்து பின்வரிசைக்குத் தெரியாது. கறுப்பு உடம்பு, மஞ்சள் வயிறு, பளபளப்பில்லாத பெயின்ட்.

கூடைக்குள் விளிம்பை ஒட்டி ஒரு துணிப்பை தைத்து, வாயில் எலாஸ்டிக் கோத்துவிடுங்கள். பாம்பைச் சுருட்டி உள்ளே வைத்தால் கழுத்தை எலாஸ்டிக் கவ்விக்கொள்ளும். வெல்க்ரோ வேண்டாம், அது பிரியும் சத்தம் முன்வரிசைக்குக் கேட்கும். கூடையைக் கவிழ்த்துப் பத்து முறை உலுக்குங்கள்: வெளியே வந்தால் எலாஸ்டிக்கை இறுக்குங்கள். இரண்டு விரலால் இழுக்கும்போது கூடையும் சேர்ந்து வந்தால் தளர்த்துங்கள். பை இருக்கும் இடத்துக்கு நேரே விளிம்பில் தடித்த நூல் முடிச்சு ஒன்று போடுங்கள். ஆடுபவர் குனிந்து தேட முடியாது, கட்டைவிரல் தடவிக் கண்டுபிடிக்கும்.

பூ கடைசி வேலை. நிஜ மல்லியும் சாமந்தியும் உதிர்ந்து, பாயின்ட் ஷூ (நுனிக்காலில் நின்று ஆடும் பாலே காலணி) வழுக்கும். துணிப்பூக்களை வலைத்துணியில் நூலால் தைத்து, பைக்கு மேலே மட்டும் 12 செ.மீ. திறப்பு விட்டுக் கூடையில் கட்டுங்கள். சூட்டுப்பசையில் ஒட்டியவை வெயிலில் நிற்கும் காருக்குள்ளேயே கழன்றுவிடும்.

பாம்பு இரண்டாகச் செய்து வையுங்கள். ஆடுபவர் வீசியெறிந்த பாம்பு மேடை ஓரத்தில் எங்கே போகும் என்று சொல்ல முடியாது.