பழந்துணிகளைக் காட்சிக்கு வைக்கும் முறை

பட்டுக்கும் பூவேலைத் துணிக்கும் முதல் எதிரி வெளிச்சம். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கும் லக்ஸ் மீட்டரைத் துணியை ஒட்டிப் பிடித்து அளந்து, 50 லக்ஸுக்குள் நிறுத்துங்கள். விளக்கருகே அளந்த கணக்கு உதவாது. பாதிப்பு சேர்ந்துகொண்டே போகும்: 100 லக்ஸில் மூன்று மாதம், 50 லக்ஸில் ஆறு மாதத்துக்குச் சமம். ஆகவே நிரந்தரக் காட்சிக் கூடத்திலும் சில மாதங்களுக்கு ஒருமுறை துணியை மாற்றி, இருட்டறையில் வையுங்கள். வெளுத்துப்போன சாயம் அங்கே திரும்பாது. சேதம் நிற்கும், அவ்வளவுதான்.

கனத்த ஆடையைத் தொங்கவிட்டால் தன் எடையிலேயே தோளில் கிழியும். லேசாகச் சாய்த்த பலகையில், கஞ்சி போகத் துவைத்த பருத்தித் துணியை விரித்து, அதன்மேல் கிடத்துங்கள். மரப்பலகை அமில ஆவியை வெளியிடும்; இடையில் அலுமினியத் தாள் போடுவது அவசியம். காட்சிப் பெட்டிக்குள் விளக்கு கூடாது. சூட்டில் ஈரப்பதம் ஏறி இறங்கும், இழை நொறுங்கும்.