காந்தத்தை வைத்து மண்ணரிப்பை அறிவது: தொடக்க நிலையினருக்கு

மேல்மண் கழுவப்பட்டதையும் மண் சரிந்ததையும் ஒரு காந்தத்தால் கண்டறியும் முறை இது. யாழ்ப்பாணத்தில் ஏது மண்சரிவு என்று கேட்பீர்கள். நியாயம்தான். அது மலையகத்தின் துயரம். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் லயன் வீடுகள் புதைந்ததை யார் மறப்பார்? ஆனால் முறையைப் பழகுவதற்கு நமது செம்பாட்டு மண் மிக வசதியானது. இரும்புத் தாது நிறைந்த மண். அடியிலுள்ள சுண்ணக்கல்லோ காந்தத்தை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

மேல்மண் நனைந்து காயும்போதும் அதில் இலைதழை மக்கும்போதும் காந்தம் நன்றாக இழுக்கும் இரும்புத் தாதுக்களான மக்னடைட், மக்கமைட் நுண்துகள்கள் உருவாகின்றன. எனவே வழக்கமாகக் காந்த ஈர்ப்பு மேலே கூடுதலாகவும் ஆழத்தில் குறைவாகவும் இருக்கும். மாரிமழை மேல்மண்ணைக் கழுவினால் மேட்டில் ஈர்ப்பு குறைந்து, தாழ்வில் கூடும்.

படி 1: தாழ்வை நோக்கி இறங்கும் தோட்டம் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். அதே மண்ணுள்ள, நெடுங்காலம் உழாத வளவு மூலை ஒன்றும் ஒப்பீட்டுக்கு வேண்டும்; இது இல்லாவிட்டால் மற்ற எண்களுக்குப் பொருளே இல்லை. கண்ணிவெடி அகற்றியதாக உறுதியாகத் தெரியாத காணியில் மண்வெட்டி வைக்கவே வேண்டாம்.

படி 2: மேட்டிலிருந்து தாழ்வு வரை ஐந்து மீட்டருக்கு ஒரு மாதிரி எடுங்கள். மேட்டிலும் நடுவிலும் அடியிலும், ஒப்பீட்டு மூலையிலும் 40 செ.மீ. குழி வெட்டி, 5 செ.மீ.க்கு ஒன்றாக எடுங்கள். கரண்டி பிளாஸ்டிக்காக இருக்கட்டும்; துருத் தூள் கணக்கைக் கெடுக்கும். நிழலில் உலர்த்தி, பொடித்து, சலித்து, ஒரே மாதிரியான சிறு குப்பிகளில் பத்துப் பத்துக் கிராம் அடையுங்கள்.

படி 3: சுவையான கட்டம் இதுதான். 0.01 கிராம் காட்டும் நகைத் தராசில் ஓர் உயரமான ரெஜிபோம் கட்டையை வைத்து, அதன் உச்சியில் சிறிய நியோடிமியம் காந்தத்தை ஒட்டுங்கள். தராசைப் பூச்சியமாக்குங்கள். குப்பியை மரத் தாங்கியில் பொருத்தி, காந்தத்துக்கு மேலே மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில், தொடாமல் நிறுத்துங்கள். மண் காந்தத்தை மேலே இழுக்கும். தராசு கழித்தல் குறியோடு ஓர் எண்ணைக் காட்டும். குறியை விட்டுவிட்டால், அந்த எண்தான் நமக்கு வேண்டியது; எண் பெரிதானால் ஈர்ப்புக் கூடுதல். இடைவெளி மயிரிழை மாறினாலும் எண் துள்ளும், ஆகவே தாங்கியை அசைக்காதீர்கள். வெறுங்குப்பியையும் ஒருமுறை அளந்து, அதன் எண்ணைக் கழித்துவிடுங்கள்.

படி 4: மேட்டு மண்ணின் எண் ஒப்பீட்டு மூலையின் எண்ணைவிடக் குறைந்தால் அரிப்பு என்று சந்தேகிக்கலாம். குழியில் மேலே குறைந்து கீழே திடீரென ஏறினால், பழைய மேல்மண்மீது வேறு மண் வந்து மூடியிருக்கக்கூடும். மலையகச் சரிவுகளிலும் இப்படித் தேடலாம்: சரிந்து போன வடுவில் அடிமண் வெளிப்பட்டு எண் தாழும்; கீழே குவிந்த மண்ணில் எண்கள் ஒழுங்கின்றி ஏறி இறங்கும்.

குப்பை எரித்த இடத்தில் எண் பொய்யாக உயரும். ஆணி, இரும்புச் சிதறல் கிடந்தாலும் அப்படியே. வெள்ளம் வாரக்கணக்கில் தேங்கும் தாழ்வில் நேர்மாறு: இரும்புத் தாது கரைந்து, மண் சேர்ந்திருந்தாலும் எண் இறங்கிவிடும். அங்கே அவசரப்பட்டு அரிப்பு என்று எழுதாமல், தண்ணீர் எட்டாத விளிம்பில் இன்னொரு குழி வெட்டிப் பாருங்கள்.