சேலத்துக் குழுவுக்கு வாரா வாரம் டெக் செய்தித் தொகுப்பு எழுதுவது எப்படி?

போன், ஆப், ஏஐ என்று தினமும் வந்து கொட்டுகிற செய்திகளில் முக்கால்வாசி நமக்குத் தேவைப்படாது. மிச்சமிருக்கிற கால்வாசியில்தான் பணத்தைக் காப்பாற்றுகிற விஷயம் இருக்கும், அதைச் சுருக்கமாகத் தமிழில் எடுத்துச் சொல்ல ஆள் கிடைப்பது கஷ்டம். தெருக் குழு, சொந்தக்காரர் குழு, கடைக்காரர் சங்கக் குழு என்று ஏதாவது ஒன்றில் "போன் விஷயம்னா இவனைக் கேளு" என்று உங்களைக் கைகாட்டுகிறார்களா? ஆளாளுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லிக்கொண்டிருப்பதை விட ஞாயிற்றுக்கிழமை ஒரு தொகுப்பைப் போட்டுவிடுவது உங்களுக்கும் சுலபம், அவர்களுக்கும் நல்லது. நான் செய்கிற விதத்தைச் சொல்கிறேன், உங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

செய்தியைத் தேடுவதற்கு முன்னால் படிக்கப் போகிறவர்கள் யார் என்று பாருங்கள். எங்கள் குழுவில் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிற அண்ணன் இருக்கிறார், அம்மாபேட்டையில் தறி ஓட்டுகிறவர், ஸ்டீல் பிளான்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர், ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஹோம்ஸ்டே நடத்துகிற அக்கா, அப்புறம் காலேஜ் பசங்க நாலைந்து பேர். ஒரு செய்தி கண்ணில் பட்டதும் இவர்களில் ஒருத்தர் முகத்தை நினைத்துக்கொண்டு, "இதைப் படித்துவிட்டு இவர் நாளைக்கு எதையாவது மாற்றிச் செய்வாரா?" என்று கேட்டுப் பார்ப்பேன். வாங்குவதைத் தள்ளிப்போடலாம், ஒரு செட்டிங்கை மாற்றலாம், ஒரு லிங்கைத் தொடாமல் விடலாம், எதுவோ ஒன்று நடக்க வேண்டும். எந்தக் கம்பெனித் தலைவர் எந்த மேடையில் என்ன பேசினார், யாருடைய பங்கு எவ்வளவு ஏறியது என்பதெல்லாம் இந்தச் சல்லடையில் தங்காது.

சேகரிப்பது வாரம் முழுக்க நடக்கிற வேலை, எழுதுவது ஞாயிறு காலை மட்டும். கண்ணில் படுவதையெல்லாம் உங்களுக்கு நீங்களே வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்துக்கொண்டால் போதும், இதற்கென்று தனி ஆப் வேண்டாம். ஆனால் லிங்கோடு தேதியையும் சேர்த்துக் குறித்து வையுங்கள். குழுக்களில் சுற்றுகிறவற்றில் பாதி ஒன்றிரண்டு வருஷப் பழசு, "நாளை முதல் அமல்" என்று எழுதியிருப்பார்கள், அந்த நாளை எந்த வருஷத்து நாளை என்று யாருக்கும் தெரியாது.

ஞாயிறு வரை காத்திருப்பதில் இன்னொரு லாபம். 2025 டிசம்பர் 1ஆம் தேதி, திங்கட்கிழமை, எல்லாப் புது போனிலும் சஞ்சார் சாத்தி ஆப்பை (திருட்டு போனைக் கண்டுபிடிக்க உதவும் அரசு ஆப்) ஏற்றியே விற்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை கம்பெனிகளுக்கு உத்தரவிட்ட செய்தி வெளியானது. பெரிய சண்டை. புதன்கிழமை, 3ஆம் தேதி, கட்டாயம் இல்லை என்று அரசே வாபஸ் வாங்கிவிட்டது. திங்கட்கிழமை அவசரப்பட்டு ஃபார்வர்டு செய்தவர்களின் குழுவில் அந்தப் பழைய செய்திதான் தங்கிப்போனது. ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறவருக்கு ஒரே வரி: "சஞ்சார் சாத்தி கட்டாயம் இல்லை, ஆனால் செகண்ட் ஹேண்டு போன் வாங்குகிறவர்களுக்கு அது உபயோகமான ஆப்." இதோடு செய்முறையையும் சேர்த்துவிடுங்கள். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஏதாவது ஒரு கடையில் பழைய போனைக் கையில் வாங்கியதும் *#06# அழுத்தினால் அந்த போனின் அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். கேஒய்எம் (KYM) என்று ஆங்கிலத்தில் மூன்று எழுத்து அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அந்த எண்ணின் நிலவரம் பதிலாக வரும். திருட்டு போன் என்று முடக்கப்பட்டிருந்தால் அதிலேயே தெரிந்துவிடும். பணம் கொடுப்பதற்கு முன்னால், கடையிலேயே நின்றுகொண்டு செய்ய வேண்டிய வேலை இது.

அடுத்து, தலைப்பை நம்பாமல் மூலத்தைத் திறந்து பார்ப்பது. இதற்கு 2023இல் வந்த யுபிஐ கலாட்டாவை விட நல்ல உதாரணம் கிடையாது. "ஏப்ரல் 1 முதல் யுபிஐ-யில் 2000 ரூபாய்க்கு மேல் அனுப்பினால் 1.1% கட்டணம்" என்று நாடே பேசியது. யுபிஐ-யை நடத்துகிற என்பிசிஐ வெளியிட்ட அறிக்கையைத் திறந்து பார்த்தால் விஷயம் வேறு. வங்கிக் கணக்கிலிருந்து வங்கிக் கணக்குக்குப் போகும் பணத்துக்கு ஒரு பைசா கிடையாது. வாலட்டில் பணம் போட்டு வைத்து, அந்த வாலட்டிலிருந்து கடைக்கு 2000க்கு மேல் கொடுத்தால் மட்டும் நிறுவனங்களுக்குள் ஒரு கட்டணம் கைமாறும், அதையும் வாடிக்கையாளர் கொடுக்க வேண்டியதில்லை. கொலுசு விற்கிற அண்ணனுக்கு இதை எப்படி எழுதுவது? "யுபிஐ: வங்கிக் கணக்கிலிருந்து வந்தால் கட்டணம் இல்லை. வாலட்டிலிருந்து வரும் பெரிய தொகைக்கு ஏதாவது பிடிப்பார்களா என்று உங்களுக்கு கியூஆர் ஸ்டாண்டு கொடுத்த கம்பெனியைக் கேட்டுக்கொள்ளுங்கள்." மூன்று வரி கூட இல்லை, ஆனால் திங்கட்கிழமை அவர் யாரை என்ன கேட்க வேண்டும் என்பது இதில் இருக்கிறது. இதே வதந்தி 2025 ஏப்ரலில் 2000க்கு மேல் ஜிஎஸ்டி என்று சட்டையை மாற்றிக்கொண்டு வந்தது, நிதி அமைச்சகம் மறுத்தது. மறுபடியும் வரும். பிஐபி (மத்திய அரசின் செய்திப் பிரிவு), என்பிசிஐ, டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்), ரிசர்வ் வங்கி, இந்த நாலு தளங்களையும் புக்மார்க் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பணம், சிம், வரி பற்றிய எந்தச் செய்தியும் உண்மையாக இருந்தால் இதில் ஏதாவது ஒன்றில் இருக்கும், இல்லையென்றால் இந்த வாரம் போடாதீர்கள்.

லீக் செய்திகளை அப்படியே தள்ளிவிடலாம். அடுத்த போனின் கேமரா வட்டமா சதுரமா என்று மூன்று மாதம் முன்னால் தெரிந்து என்ன ஆகப் போகிறது? புது மாடல் எப்போது வரும் என்று தெரிய வேண்டியவர்கள் ஒரே ஒரு கூட்டம்தான், பழைய மாடலை வாங்கக் காத்திருக்கிறவர்கள். ஆப்பிள் வழக்கமாக செப்டம்பரில் புது ஐபோனைக் கொண்டுவரும், சாம்சங்கின் எஸ் வரிசை வருஷத் தொடக்கத்தில் வரும். ஆகஸ்ட்டில் ஒருத்தர் ஐபோன் வாங்கக் கிளம்பினால் "ஒரு மாதம் பொறுங்கள்" என்று சொல்ல லீக் எதுவும் வேண்டாம், காலண்டர் போதும்.

இப்போது நம்ம ஊருக்கே உரிய விஷயம். போன் விமர்சனங்கள் பெரும்பாலும் டெல்லியிலோ பெங்களூரிலோ உட்கார்ந்து எழுதப்படுபவை, அங்கே 5ஜி வேகம் அள்ளும். ஏற்காடு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவில் ஏறிப் போகிறவருக்கு அந்த வேக எண் எதற்கும் உதவாது, அவருக்கு வேண்டியது சிக்னல் எங்கே விட்டுப்போகும், எந்த போன் கடைசி வரை பிடித்துக்கொண்டிருக்கும் என்பதுதான். நகரத்தில் வேகம் கொடுக்கிற 5ஜி பெரும்பாலும் 3300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடுகிறது. அது அதிக டேட்டாவைச் சுமக்கும், ஆனால் தூரம் குறைவு, சுவரையும் மேட்டையும் தாண்டத் திணறும். 700 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் சுமார்தான், ஆனால் தூரம் போகும், கட்டடத்துக்குள்ளும் நுழையும், மலை மடிப்பிலும் ஓரளவு வளைந்து இறங்கும். 2022 ஏலத்தில் அந்த 700ஐ ஜியோ வாங்கியது. பிஎஸ்என்எல்-லுக்கும் 700 ஒதுக்கியிருக்கிறார்கள், 2025 செப்டம்பர் 27 அன்று நாடு முழுக்கத் தொடங்கிவைத்த அதன் உள்நாட்டுத் தயாரிப்பு 4ஜி-யிலும் அது ஓர் அங்கம்.

ஆகவே புது போன் வந்த செய்தியை எடுத்துப் போடும்போது கேமராவைப் பற்றி ஒரு வரி குறைத்துக்கொண்டு, கம்பெனி தளத்தில் இருக்கிற விவரப் பட்டியலில் பேண்டு என்ற இடத்தைத் தேடுங்கள். அந்த 700 மெகாஹெர்ட்ஸுக்கு அங்கே இருக்கிற பெயர் 5ஜி வரிசையில் என்28 (n28), 4ஜி வரிசையில் பி28 (B28), அது இருக்கிறதா என்று பார்த்து "மலைக்கு ஏற்றது" அல்லது "டவுனோடு சரி" என்று எழுதுங்கள். நாகலூர் அக்காவுக்கு இந்த ஒரு வார்த்தைதான் செய்தி. வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் வாங்கி வருகிற போனில் இதை இரண்டு முறை பார்க்க வேண்டும், பேண்டுகள் நாட்டுக்கு நாடு மாறும். அதோடு அமெரிக்காவில் விற்கிற ஐபோன்களில் 14 மாடலிலிருந்து சிம் போடும் தட்டே கிடையாது, போனுக்குள்ளேயே பதிந்திருக்கிற இசிம் மட்டும்தான். டெலிகாம் கம்பெனிகளின் தளத்தில் கவரேஜ் வரைபடம் இருக்கிறது, அதையும் பாருங்கள், ஆனால் வரைபடத்தில் பச்சையாக இருக்கிற எஸ்டேட் சரிவில் நிஜமாகவே அழைப்பு போகிறதா என்பதை அங்கே தங்கியிருக்கிறவரைத்தான் கேட்க வேண்டும். மலையேறுகிறவர்களுக்கு சீசன் நேரத்தில் ஒரு வரி கூடுதலாகப் போடலாம்: அஸ்தம்பட்டியைத் தாண்டும் முன்பே மேப்பை ஆஃப்லைனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், அறைக்கு முன்பணம் அனுப்ப வேண்டியிருந்தால் கீழேயே அனுப்பிவிடுங்கள்.

தேதி சம்பந்தப்பட்ட செய்திகளைத் தவற விடாதீர்கள். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது, தனிநபர்களுக்கான நீட்டிப்புப் பாதுகாப்பு அப்டேட்டுக்கு 2026 அக்டோபர் 13 என்று தேதி குறித்தது. டிடிபி கடைகளில், ஆடிட்டர் அலுவலகங்களில் இந்தப் பழைய கம்ப்யூட்டர்கள் இன்னும் ஓடுகின்றன, அவர்களுக்கு இது புது லேப்டாப் வெளியீட்டை விடப் பெரிய செய்தி. போனில் "ஏழு வருஷ அப்டேட்" என்று விளம்பரம் வந்தால் கழித்தல் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். ஏழு வருஷம் என்பது மாடல் வெளிவந்த நாளிலிருந்து, நீங்கள் பில் போட்ட நாளிலிருந்து அல்ல. கேலக்ஸி எஸ்24 வந்தது 2024 ஜனவரியில், அதை 2026இல் தள்ளுபடியில் வாங்குகிறவருக்கு ஐந்து வருஷம்தான் மிச்சம். பரவாயில்லை, ஐந்தும் நல்ல கணக்குதான், ஆனால் தெரிந்து வாங்கட்டும்.

விலைச் செய்தியில் "இத்தனை ரூபாய் முதல்" என்று கண்டால் நின்று படியுங்கள். குறைந்த மெமரி, ஒரு குறிப்பிட்ட வங்கி கார்டு, பழைய போன் எக்ஸ்சேஞ்ச், மூன்றும் சேர்ந்தால் வருகிற விலை அது. கார்டு இல்லாமல் எவ்வளவோ அதைத்தான் தொகுப்பில் போட வேண்டும். வரி பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. 2025 செப்டம்பர் 22 அன்று ஏசிக்கும் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கும் ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமாக இறங்கியது, போனுக்கு ஏற்கெனவே 18தான், அது மாறவில்லை. போன் விலை குறையும் என்று அப்போது காத்திருந்தவர்கள் சும்மா காத்திருந்தார்கள். அதற்குப் பின் நடந்தது தலைகீழ். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை மொத்தமாக வாரிக்கொண்டதில் ரேம், எஸ்எஸ்டி விலை ஏறியது. 2025 டிசம்பரில் மெமரி சிப் செய்கிற மைக்ரான், கடைகளில் நாம் வாங்குகிற குரூஷியல் பிராண்டு வியாபாரத்தையே விட்டு விலகுவதாக அறிவித்தது. அமெரிக்கக் கம்பெனி முடிவு என்று கடந்து போகிற செய்தி மாதிரி இருக்கும், ஆனால் கம்ப்யூட்டருக்கு ரேம் கூட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த டிசைன் கடைக்காரருக்கு "இப்போதே விலை கேட்டு வையுங்கள்" என்று நேராக மொழிபெயர்க்கலாம். ஐரோப்பிய யூனியன் 2024 டிசம்பர் 28 முதல் புது போன்களுக்கு யுஎஸ்பி-சி கட்டாயம் என்றதும் இதே வகை. சட்டம் அங்கே, ஆனால் 2023இல் ஐபோன் 15 முன்கூட்டியே யுஎஸ்பி-சிக்கு மாறியபோது இங்கேயும் மாறியது, வீட்டில் சார்ஜர் சண்டை பாதியாகக் குறைந்தது.

இணையத்தில் ஓடுகிற டிரெண்டுகளுக்கு ஒரு வரிக்கு மேல் வேண்டாம். 2025 செப்டம்பரில் கூகுளின் ஏஐ ஆப்பான ஜெமினியில் இருக்கிற நானோ பனானா என்ற பட வசதியில் போட்டோவைக் கொடுத்துப் பழைய சினிமா பாணியில் சேலை கட்டிய படமாக மாற்றுவது ஊரெல்லாம் ஓடியது. அதில் தப்பில்லை. ஆனால் அதே பெயரில் போலித் தளங்களும் முளைத்தன, ஆகவே "அசல் ஆப்பில் மட்டும் செய்யுங்கள், பசங்க போட்டோவைப் போடாதீர்கள்" என்பதுதான் தொகுப்புக்கு வேண்டிய பகுதி. ஓசூர் பக்கம் ஐபோன் பாகங்கள் செய்யும் ஆலையில் வேலை என்று வருகிற ஃபார்வர்டுகளும் அப்படியே. ஆலை நிஜம், டாடா எலக்ட்ரானிக்ஸ் அங்கே இருக்கிறது. பதிவுக் கட்டணம் கேட்கிற நம்பர் நிஜமில்லை. பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைக்கச் சொல்லுங்கள், இந்த எண்ணை ஒவ்வொரு வாரமும் அடியில் போட்டாலும் தகும்.

எழுதும்போது ஒரு போன் திரைக்குள் அடங்க வேண்டும், ஐந்து செய்திக்கு மேல் போனால் யாரும் ஸ்க்ரோல் செய்வதில்லை. யாருக்கு என்பதை முதலில் போடுங்கள்: "கடைக்காரர்களுக்கு", "மலைக்காரர்களுக்கு", "பழைய லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு". அவரவர் வரியை அவரவர் படித்துக்கொள்வார்கள். தேதியும் விலையும் எண்ணில் இருக்கட்டும். கண் சரியில்லாத பெரியவர்களுக்காக அதையே ஒரு நிமிஷ வாய்ஸ் மெசேஜாகவும் போடலாம், ஸ்டீல் பிளான்ட் பெரியவர் அதை மட்டும்தான் கேட்கிறார், கேட்டுவிட்டுச் சந்தேகமும் கேட்கிறார்.

போன் கடைக்காரர் யாராவது "நம்ம ஆஃபரையும் சேர்த்துப் போடு தம்பி" என்பார். தனி மெசேஜாக அவரே போட்டுக்கொள்ளட்டும், தொகுப்புக்குள் வேண்டாம். அப்புறம் எத்தனை தெளிவாக எழுதினாலும் சாயங்காலத்துக்குள் ஒருத்தர் "எல்லாம் சரி, 15,000க்குள் எந்த போன் நல்லது?" என்று கேட்கத்தான் போகிறார். உடனே மாடல் பெயர் சொல்லாதீர்கள். எந்த சிம், எந்தப் பகுதியில் வீடு, எத்தனை வருஷம் வைத்துக்கொள்ள உத்தேசம் என்று மூன்றையும் முதலில் கேட்டு வாங்குங்கள்.