மாலை நாலு மணிக்குப் பிள்ளைகளோடு நீச்சல் குளத்துக்கு

மே மாதம் வந்தால் சென்னையில் நீச்சல் குளம் உள்ள எந்த அபார்ட்மெண்டிலும் பிள்ளைகளுக்கு ஒரே கேள்விதான், "குளத்துக்கு எப்போ போலாம்?" மதியம் இரண்டு மணிக்கே டவலைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார்கள். அசையாதீர்கள். கத்திரி வெயிலில் குளத்தைச் சுற்றியுள்ள டைல்ஸில் வெறுங்காலை வைக்க முடியாது, கரையில் உட்காரும் உங்களுக்குத் தலைவலிதான் மிஞ்சும். நாலு மணிக்கு மேல் போங்கள், பக்கத்துக் கட்டடத்தின் நிழல் விழ ஆரம்பித்திருக்கும், ஆறு மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும், பிள்ளைகளுக்கு அது தாராளம். நாலு மணிக்கும் வெயில் உறைக்கும் என்பதால் சன்ஸ்கிரீனை வீட்டிலேயே, கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்னால் தடவிவிடுங்கள்.

கிளம்பும் முன் தீர்க்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கப் போவது யார்? பல குடியிருப்புகளில் கோச் தன் பேட்ச் நேரத்துக்கு மட்டும்தான் வருவார், மற்ற நேரத்தில் குளத்தருகே ஆளே இருக்காது. செக்யூரிட்டி அண்ணன் கேட்டில் இருப்பார், அவருக்கு நீச்சல் தெரியுமா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நாலு குடும்பம் சேர்ந்து போனால் இத்தனை பெரியவர்கள் இருக்கிறோமே என்று தைரியம் வரும், ஆனால் இன்னொருத்தர் பார்த்துக்கொள்வார் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டு பள்ளிக்கூட ஃபீஸ் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவதும் அப்போதுதான். அதனால் ஆள் பெயர் சொல்லி முறை வையுங்கள்: "இருபது நிமிஷம் நான் பார்க்கிறேன், அப்புறம் நீங்க." முறையில் இருப்பவர் கையில் போன் கூடாது. பிள்ளை டைவ் அடிப்பதைப் படம் எடுக்கத்தான் என்றாலும் கூடாது, அதை இன்னொருவர் எடுக்கட்டும். பாத்ரூம் போகவேண்டும் என்றால் "இப்போ நீங்க பாருங்க" என்று வாய்விட்டுச் சொல்லி, பதில் வாங்கிக்கொண்டு எழுந்திருங்கள். பாட்டி கரையில் உட்கார்ந்திருக்கிறார் என்பதைக் கணக்கில் சேர்க்கவேண்டாம், பாவம், அவரை அந்த நிலையில் வைப்பதே தப்பு.

எதற்கு இவ்வளவு கெடுபிடி என்றால், மூழ்குகிற பிள்ளை பெரும்பாலும் சத்தம் போடாது. சினிமாவில் காட்டுவது போலக் கையை ஆட்டி "காப்பாத்துங்க" என்று கத்த மூச்சு வேண்டுமே, வாய் தண்ணீருக்கு மேல் வருகிற நொடியில் காற்றை இழுக்கவே நேரம் சரியாக இருக்கும். உடம்பு செங்குத்தாக நிற்கும், தலை பின்னால் சாயும், கை பக்கவாட்டில் தண்ணீரை அழுத்தும், ஆள் நகரவே மாட்டான். பக்கத்தில் நீந்துகிறவருக்குக்கூட விளையாடுகிறான் என்றுதான் தோன்றும். ஒரு நிமிஷத்துக்குள் எல்லாம் முடிந்துவிடலாம். ஓயாமல் கத்திக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று அமைதியானால் முதலில் அங்கே பாருங்கள். நீச்சல் தெரியாத பிள்ளைக்குக் கரையிலிருந்து பார்ப்பது போதாது, கை எட்டும் தூரத்தில் நீங்களும் தண்ணீருக்குள் நிற்கவேண்டும். கையில் ஊதி மாட்டுகிற பலூனும் வாத்து டியூபும் வெறும் பொம்மைகள். பலூன் நழுவும், டியூப் கவிழும்.

நீச்சல் உடை வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். கடையில் அழகாகத் தெரியும் வெளிர் நீலம், நீல டைல்ஸ் போட்ட குளத்துக்குள் காணாமல் போய்விடும். பளீரென்ற ஆரஞ்சு, பளிச் மஞ்சள், பளிச் பச்சை, இதில் ஏதாவது ஒன்று. அழகை ஃபங்ஷன் உடையில் பார்த்துக்கொள்ளலாம்.

குளத்துக்குப் போனதும் யாரையும் இறக்கிவிடாமல் ஆழமான பக்கத்தை எட்டிப் பாருங்கள். அடித் தரையும் அங்கிருக்கும் வடிகால் மூடியும் தெளிவாகத் தெரியவேண்டும். கலங்கலாக இருந்தால், மூடி உடைந்தோ கழன்றோ இருந்தால், எவ்வளவு அழுதாலும் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். கலங்கிய தண்ணீருக்குள் போன ஆள் மேலிருந்து தெரியமாட்டார், உடைந்த மூடியின் உறிஞ்சலில் நீளமான முடி சிக்கினால் இழுத்து எடுக்க முடியாது. முடியைக் கட்டித் தொப்பி போடுவதும் இதற்காகத்தான்.

அடுத்தது குளியல். கண் எரிகிறது, மூக்கைத் துளைக்கிறது, குளோரின் அதிகம் என்று அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் சண்டை போடுவார்கள். உண்மையில் குளோரின் நம் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து உண்டாகும் குளோரமின்தான் பெரும்பாலும் அந்த நாற்றத்துக்கும் எரிச்சலுக்கும் காரணம். ஆகவே எல்லாரும் டாய்லெட் போய்விட்டு, ஷவரில் ஒரு நிமிஷம் நன்றாக நனைந்துவிட்டு இறங்கவேண்டும், பெரியவர்களும்தான். முடி நல்ல தண்ணீரை முதலில் குடித்துவிட்டால் குளோரின் தண்ணீரைக் குறைவாகவே உறிஞ்சும். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு இறங்கவேண்டாம், மேலே படலமாக மிதக்கும். வயிற்றுப்போக்கு உள்ள பிள்ளையை, டயப்பர் போட்டிருந்தாலும், அழைத்து வராதீர்கள். சில கிருமிகள் குளோரினுக்கும் தாக்குப்பிடிக்கும்.

சாப்பிட்டுவிட்டு இறங்கினால் தசை பிடித்து மூழ்கிவிடுவார்கள் என்ற பயம் தேவையில்லை, இரண்டு இட்லியோ வாழைப்பழமோ தாராளமாகக் கொடுக்கலாம். பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தால் மட்டும் குளத்திலேயே வாந்தி எடுத்து எல்லாருடைய மாலையையும் கெடுப்பான்.

யார் அதிக நேரம் மூச்சடக்குகிறார்கள் என்ற போட்டிக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். வேகவேகமாக மூச்சு இழுத்துவிட்டுப் பிறகு அடக்கும்போது உடம்பிலுள்ள கரியமில வாயு குறைந்துவிடும், அதனால் மூச்சு விடவேண்டும் என்ற தவிப்பே வராமல் நினைவு தப்பிவிடலாம். நன்றாக நீந்துகிறவர்களுக்கும் இது நடக்கும், இடுப்பளவுத் தண்ணீரிலும் நடக்கும்.

ஒருவேளை யாராவது மூழ்கிவிட்டால் தூக்கிக் கரையில் மல்லாக்கக் கிடத்துங்கள். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவது எதுவும் வேண்டாம், நேரம்தான் போகும். மூச்சு இல்லையென்றால் ஒருவர் 108-ஐ அழைக்க, இன்னொருவர் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்கவேண்டும். இதைப் படித்துக் கற்கமுடியாது, வீட்டில் ஒருவராவது பயிற்சி எடுத்துவிடுங்கள்.

மே மாதத்திலும் குளிரும். தண்ணீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிடப் பல மடங்கு வேகமாக இழுக்கும். உதடு நீலமாகி, பல் தந்தியடித்துக்கொண்டே "குளிரலையே" என்பார்கள், நம்பாதீர்கள். அரை மணிக்கு ஒருமுறை வெளியே எடுத்து டவலில் சுற்றிச் சுண்டலோ வேகவைத்த வேர்க்கடலையோ கொடுத்து உட்காரவையுங்கள். அந்த இடைவேளையில் உங்களுக்கும் ஒரு டீ.

முடிந்ததும் மறுபடி குளியல். தலையை ஒரு பக்கம் சாய்த்துக் காதில் உள்ள தண்ணீரை வடியவிட்டு, டவல் நுனியால் வெளிப்பக்கம் துடைத்தால் போதும், பட்ஸ் விடவேண்டாம். எல்லாரும் டவலை மடித்து, செருப்பு தேடி, பையைக் கட்டும் இந்தப் பத்து நிமிஷம்தான் யாரும் தண்ணீரைப் பார்க்காத நேரம். ஓரமாக மிதக்கும் பந்தை எடுக்கச் சின்னது ஒன்று திரும்பிப் போகும். எனவே பந்து, டியூப் எல்லாவற்றையும் முதலிலேயே வெளியே எடுத்துவிட்டு, பிள்ளைகளை வேலிக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து, கதவைத் தாழ் போட்டு, தலையை எண்ணிவிட்டு, அப்புறம் செருப்பைத் தேடுங்கள்.