மாசி மாதத்துப் புரோக்கோலி: பறிப்பதிலும் சமைப்பதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உச்சிப்புளியில் எங்கள் தெருவில் மட்டும் இந்த ஆண்டு 3 மாடிகளில் புரோக்கோலி வைத்திருக்கிறார்கள். தை பிறந்ததும் கைப்பிடி அளவில் ஒரு பூவை வெட்டிப் படமெடுத்து உறவினர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டு, அதன்பின் அந்தச் செடியை என்ன செய்வதென்று தெரியாமல் அவர்கள் விழிப்பதைப் பார்க்கும்போது, தொடக்கத்தில் நான் அடித்த கூத்துகள் வரிசை மாறாமல் மறுபடி நடப்பதாகவே தோன்றுகிறது. தண்ணீர் ஊற்ற மறப்பது, வெயில் படாத மூலையில் பையை வைப்பது போன்றவற்றைச் செடியே இரண்டு நாளில் வாடிக் காட்டிவிடும் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை.

தலைப்பூவை வெட்டியதும் செடியைப் பிடுங்குவது

நடுத்தண்டின் உச்சியில் பெரிய பூ இருக்கும்வரை, இலைக்கக்கங்களில், அதாவது இலை தண்டோடு சேரும் இடங்களில், உறங்கும் மொட்டுகளை அது எழவிடாது. அதை அறுத்த பிறகுதான் கீழே ஒவ்வொரு கணுவிலிருந்தும் பக்கத்தளிர்கள் கிளம்புகின்றன. அறுக்கும்போது கத்தியைச் சாய்வாகப் பிடிக்க வேண்டும். தட்டையாக அறுத்தால் வெட்டுவாயில் தண்ணீர் தேங்கித் தண்டு உள்ளுக்குள் அழுகத் தொடங்கும். என் செடிகளில் பல ஆண்டுகள் தலைப்பூவைவிடத் தளிர்களே கூடுதலான எடை தந்திருக்கின்றன.

'இன்னும் கொஞ்சம் பெருக்கட்டும்' என்று காத்திருப்பது

இந்தத் தவற்றை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் இதற்குக் காரணம் அறியாமை என்றுகூடச் சொல்ல முடியாது, வெறும் ஆசைதான். ஒரு வருடம் மாசிக் களரித் திருவிழாவுக்குக் குலதெய்வக் கோயிலுக்குப் பரமக்குடியிலிருந்தும் மதுரையிலிருந்தும் உறவினர்கள் வருவதாக இருந்தது. மாடியில் 11 செடிகள், ஒவ்வொன்றிலும் நான்கைந்து தளிர்கள், மொட்டெல்லாம் இறுகிக் கரும்பச்சையாக நின்றன. அன்றைக்கே பறித்திருக்க வேண்டியதைச் சொந்தபந்தம் செடியோடு பார்க்கட்டும் என்று 4 நாள் விட்டுவைத்தேன். அந்த நாட்களில் பார்த்து வாடைக்காற்று விழுந்துவிட்டது, வெயில் ஏறிவிட்டது. களரி முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்து மாடியேறியபோது அங்கே பச்சையைக் காணோம், மஞ்சள்தான் இருந்தது. பெரியப்பா சுற்றிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, கடுகா வெதைச்சிருக்கே?" என்று கேட்டார். அவர் கேலியாகக் கேட்டாலும் அதில் உண்மை இருந்தது. புரோக்கோலியும் கடுகும் ஒரே குடும்பத்துச் செடிகள். இரண்டின் பூவும் நான்கு இதழோடு சிலுவை வடிவில் மஞ்சளாகத்தான் விரியும்.

போனது அந்தத் தளிர்கள் மட்டுமானால் பரவாயில்லை. பூ விரிந்து காய் பிடிக்கத் தொடங்கிய செடி, தன் பலத்தையெல்லாம் விதைக்குக் கொடுக்கத் திரும்பிவிடுகிறது. அதற்குப் பிறகு அந்த 11 செடிகளில் வந்த தளிர்கள் பென்சில் கனம்கூட இல்லை; இன்னும் 2, 3 பறிப்பாவது கிடைத்திருக்க வேண்டிய செடிகள் அவை. தொடர்ந்து பறித்துக்கொண்டே இருந்தால்தான், இன்னும் விதை விடவில்லையே என்று செடி அடுத்த தளிரை அனுப்பும்.

காத்திருப்பவர்கள் எல்லோருடைய மனதிலும் கடையில் பாலித்தீன் சுற்றி விற்கும் அந்தப் பெரிய பூதான் இருக்கிறது. பக்கத்தளிர் ஒருநாளும் அந்த அளவுக்கு வராது. பருவக் கடைசியில் தளிரின் பருமனைப் பார்க்காமல் மொட்டைப் பார்க்க வேண்டும். குண்டூசித் தலை அளவில் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் மொட்டுகள் பருத்து, கொத்துகளுக்கு நடுவே இடைவெளி தெரிந்தால் அன்றுதான் கடைசி நாள். ஓரிடத்தில் மஞ்சள் எட்டிப் பார்த்தால் நேற்றே பறித்திருக்க வேண்டும். மார்கழியில் 4 நாளுக்கு ஒருமுறை மாடியேறினால் போதும், மாசியில் தினமும் காலையில் ஏற வேண்டும். இரண்டே தளிர்தான் இருக்கிறது, இதை வைத்து என்ன சமைப்பது என்று கேட்பவர்கள், அவற்றை ஈரத்துணியில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து 3, 4 நாள் சேர்த்தால் ஒரு பொரியலுக்கு ஆகிவிடும். இவ்வளவையும் போன மாதம் எதிர்வீட்டுப் பெண்ணிடம் சொன்னேன். "ரெண்டு நாள் கெடக்கட்டுமே மாமா" என்றாள். இப்போது அவள் மாடியில் தேனீக்கள் நன்றாக இருக்கின்றன.

அடியோடு ஒட்ட நறுக்குவது

தளிரை 10 முதல் 15 செ.மீ. தண்டோடு எடுத்து, அதன் அடியில் இரண்டு கணுவை விட்டுவைத்தால் அங்கிருந்து மறுபடியும் துளிர்க்கும்.

நண்பகலில் பறிப்பது

சமையலறைக்கு வருவதற்குள் துவண்டுவிடும்.

ஊதா விதைக்கு ஆசைப்படுவது

குளிர்நாடுகளில் ஊதா நிறத் தளிராகவே வரும் புரோக்கோலி ஒன்று உண்டு. இங்கிலாந்தில் வசந்தத்தில் விதைத்து, குளிர்காலம் முழுவதும் நிலத்தில் நிறுத்தி, பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பறிக்கிறார்கள். அதன் பெரும்பாலான ரகங்கள் வாரக்கணக்கில் கடுங்குளிர் பட்டால்தான் மொட்டு வைக்கும். பாம்பன் பக்கத்து மார்கழிக் குளிர் அதற்குக் குளிரே இல்லை என்பதால், இலை மட்டும் கிடைக்கும்.

பூத்ததையும் இலையையும் வீசுவது

மஞ்சள் பூவும் தின்னக்கூடியதுதான். சற்றுக் காரமாக இருக்கும், கூட்டின்மேல் தூவலாம். இளம் இலைகளை முட்டைக்கோஸ் நறுக்குவதுபோல் மெலிதாக நறுக்கித் தேங்காய்ப்பூ போட்டு வதக்கினால் கீரைக்குக் குறைவில்லை. வெயில் ஏற ஏற, கொத்துக்குள் வைரமுதுகு அந்துப்பூச்சியின் சின்னப் பச்சைப் புழுக்கள் ஒளிந்திருக்கும் என்பதால், சமைக்குமுன் 15 நிமிடம் உப்புத்தண்ணீரில் தலைகீழாக ஊறவைக்க வேண்டும்.

குக்கரில் விசில் விடுவது

மாசித் தளிரின் தண்டு நார் ஓடியிருப்பதால் பலர் அதை நன்றாக வேகவைக்கப் பார்க்கிறார்கள். வெந்தாலும் நார் நார்தான். அதற்குள் மொட்டு குழைந்து, நிறம் செத்து, வீடெங்கும் கந்தக வாடை அடிக்கும். கத்தி சறுக்காமல் இழுபடும் இடத்திலிருந்து தோலைச் சீவிவிட்டு, இட்லிப் பானையில் 3 நிமிடம் ஆவி காட்டினால் போதும். நறுக்கிச் சிறிது நேரம் வைத்துவிட்டு அடுப்பில் ஏற்றுவதும் நல்லது, ஏனெனில் நறுக்கியபின் அதிலுள்ள மைரோசினேஸ் என்ற நொதி வேலை செய்துதான் சல்ஃபொராஃபேன் என்ற சத்து உருவாகிறது. சூடு அந்த நொதியை அழித்துவிடும். மறந்து உடனே வேகவைத்துவிட்டால், இறக்கியபின் பச்சைக் கடுகுப்பொடி ஒரு சிட்டிகை தூவலாம், கடுகிலும் அதே நொதி இருக்கிறது. தாளித்த கடுகு இதற்கு உதவாது.

பங்குனி பிறந்ததும் நான் செடிகளைப் பிடுங்கிவிடுகிறேன். அப்போதும் அடித்தண்டின் தடித்த தோலைச் செதுக்கினால் நடுவில் வெளிறிய, இனிப்பான சோறு விரல் நீளத்துக்குக் கிடைக்கும்; அதைப் பேரப்பிள்ளைகள் வெள்ளரிப்பிஞ்சு தின்பதுபோல் மாடியிலேயே தின்று தீர்த்துவிடுகிறார்கள்.