தொழுவக் கழிவுநீரின் நைட்ரஜனை நாணல் படுகையில் நீக்கும் முறை

தொழுவத்தைக் கழுவிய நீரை நேரே நாணல் படுகைக்குள் (சரளைக்கற்களில் நாணல் வளர்த்து, கழிவுநீரைச் சுத்திகரிக்கும் படுகை) விடக் கூடாது. முதலில் அதை ஒரு தொட்டியில் தேக்கி, சாணமும் வைக்கோல் துணுக்குகளும் அடியில் படிந்த பிறகு தெளிந்த நீரை மட்டுமே அனுப்ப வேண்டும், இல்லையெனில் சரளைக்கற்களின் இடுக்குகள் விரைவில் அடைபட்டுவிடும்.

இந்நீரில் கரைந்துள்ள நைட்ரஜன் பெரும்பாலும் அம்மோனியமாகவே இருப்பதால், முதல் படுகையின் மேற்பரப்பில் நீரை இடைவெளிவிட்டுப் பாய்ச்சி, ஒவ்வொரு முறையும் முழுவதும் வடியவிட்டால், வடியும் நீரைத் தொடர்ந்து காற்று உள்ளே இறங்கி, நுண்ணுயிரிகள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்ற உதவும். ஒரு கிராம் அம்மோனிய நைட்ரஜன் இவ்வாறு மாற ஏறத்தாழ 4.6 கிராம் ஆக்சிஜன் தேவை என்பதால், இந்தக் காற்றோட்டத்தில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

அடுத்த படுகை எப்போதும் நீர் நிறைந்து, காற்றின்றி இருக்க வேண்டும். அங்கே நைட்ரேட், நைட்ரஜன் வாயுவாகி வெளியேறும். இதற்குக் கரிமப்பொருளும் வேண்டுமாதலால், காய்ந்த நாணல் தழையை அங்கேயே மட்கவிடலாம். இலை நுனிகள் கருகத் தொடங்கினால், அம்மோனியம் மிகுந்துவிட்டதா என்று சோதித்து, உள்வரும் நீரை நீர்க்கச் செய்யவும்.