பழைய மண் தொட்டிக்குப் பெயிண்ட்: உரியாமல் நிற்க என்ன செய்யணும்?

மாடியில் வெயிலிலும் மழையிலும் நின்று வெளுத்துப் போன மண் தொட்டிகளை யாரும் தூக்கிப் போட வேண்டாம். விரிசல் இல்லாத தொட்டி என்றால் பெயிண்ட் அடித்து இன்னும் பல வருஷம் வைத்துக்கொள்ளலாம். வடகிழக்குப் பருவமழை முடிந்து, பிப்ரவரிக்கு மேல் ஆரம்பியுங்கள்.

செடியை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டு மண்ணைக் கொட்டுங்கள். வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூத்திருப்பது உப்பு. போர் தண்ணீரிலும் உரத்திலும் இருக்கும் உப்பு, ஈரத்தோடு சுவர் வழியாகக் கசிந்து வந்து வெளியே காய்ந்து நிற்கிறது. இதை முதலில் கம்பி பிரஷ் வைத்துத் தண்ணீர் படாமல் தேய்த்து உதிர்த்துவிட வேண்டும். எடுத்தவுடனே கழுவினால் உப்பு கரைந்து திரும்பவும் உள்ளே போய்விடும். அதற்கு மேலும் கெட்டியாக ஒட்டியிருந்தால் வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து தேய்த்து, நன்றாக அலசுங்கள்.

அடுத்து காய வைப்பது. எல்லோரும் அவசரப்படும் இடம் இதுதான். தொட்டியைத் தொட்டால் உலர்ந்த மாதிரிதான் இருக்கும், சுவருக்குள் ஈரம் இருக்கும். அந்த ஈரம் வெயிலில் சூடாகி வெளியே வரும்போது பெயிண்டைக் கொப்புளமாகத் தள்ளிவிடும். எவ்வளவு விலை உயர்ந்த பெயிண்ட் என்றாலும் இதற்குத் தப்பாது. அதனால் செங்கல் மேல் கவிழ்த்து, நல்ல வெயிலில் சில நாள் விடுங்கள். அப்புறம் உள்ளங்கை அளவு பாலித்தீன் தாளைத் தொட்டியின் வெளிச்சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். தாளின் உள்பக்கம் நீர் முத்து கோர்த்திருந்தால் இன்னும் காயவில்லை.

காய்ந்ததும் 120 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தூசியைத் துடைத்து, வெளிச்சுவருக்கான பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) ஒரு கோட்டிங். மேலே எக்ஸ்டீரியர் எமல்ஷன் (வெளிச்சுவருக்கு அடிக்கும், தண்ணீரில் கலக்கும் பெயிண்ட்), மெல்லிசாக இரண்டு கோட்டிங், நடுவில் நாலு மணி நேர இடைவெளி. மண் தொட்டிக்கு எனாமல் (கதவு, கம்பிக்கு அடிக்கும் ஆயில் பெயிண்ட்) வாங்கவே வாங்காதீர்கள். அது ஈரத்தை வெளியே விடாது, சீக்கிரம் பொரிந்து வரும். உச்சி வெயிலிலும் அடிக்காதீர்கள், பிரஷ் தடம் அப்படியே நின்றுவிடும். நிறத்தில் என் விருப்பம் வெளிர் நிறங்கள்தான். கறுப்பும் அடர் நீலமும் மொட்டை மாடியில் சூட்டை இழுத்து வேரை வாட்டிவிடும்.

உள்பக்கம் விளிம்பிலிருந்து இரண்டு அங்குலம் வரை அடித்தால் போதும். உள்ளே முழுக்க வாட்டர்புரூஃப் கோட்டிங் கொடுத்தால் வெளிப் பெயிண்ட் கூடுதலாக உழைக்கும், உண்மைதான். ஆனால் மண் மெதுவாகத்தான் காயும், தண்ணீர் ஊற்றுவதைக் குறைக்க வேண்டியிருக்கும். ரோஜாவுக்கும் கற்றாழைக்கும் நான் அதைச் செய்வதில்லை. அடி ஓட்டையைப் பெயிண்ட் அடைத்திருக்கிறதா என்று ஒரு குச்சி விட்டுப் பார்த்துவிடுங்கள். செடியை ஒரு வாரம் கழித்து வையுங்கள்.

பின்சேர்க்கை: பிளாஸ்டிக் தொட்டிக்கு இதே முறை சரிவருமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வராது. வழவழப்பான பிளாஸ்டிக்கில் எமல்ஷன் பிடிக்காது. சோப்பு போட்டுக் கழுவி, உப்புத்தாளால் பளபளப்பு போகத் தேய்த்து, பிளாஸ்டிக்குக்கு என்றே விற்கும் ஸ்ப்ரே பெயிண்ட் அடியுங்கள்.